கிறிஸ்துமஸ் இரவுக்கு எந்த ஊர்? வேளாங்கண்ணி, புதுச்சேரி, நாகர்கோவில், ஃபோர்ட் கொச்சி

வீட்டில் துக்கம் நடந்த வருடம் வாசலில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கிற வீட்டில் குடில் வைக்கவும் கை ஓடாது. சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொந்த ஊரில் பூட்டிய வீடுகூட இல்லாமல் போயிருக்கலாம். இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் பண்டிகைக்கு வெளியூர் போவோமா என்று யோசிக்கின்றன. யோசித்தவுடன் முதலில் கேட்பது, "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று.

கோடை விடுமுறைக்கு அந்தக் கேள்வி சரி. கிறிஸ்துமஸுக்கு அது போதாது. 24ஆம் தேதி இரவு பத்து மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரையிலான நேரம் எப்படிப் போகிறது என்பதில்தான் பண்டிகை முழுக்க அடங்கியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஊரையும் நான்கு கேள்விகளால் அளந்து பார்க்க வேண்டும். தங்கும் அறையிலிருந்து கோயிலுக்கு நடந்து போகலாமா? பூசை நமக்குப் புரிகிற மொழியில் நடக்குமா? 25ஆம் தேதி காலைச் சாப்பாடு எங்கே? 26 அல்லது 27இல் திரும்பி வர வண்டி உண்டா?

இவற்றில் முதல் கேள்விதான் மிக முக்கியம். நள்ளிரவுத் திருப்பலி பல பங்குகளில் 11 அல்லது 11.30க்குத் தொடங்கி ஒரு மணி தாண்டி முடியும். அந்த நேரத்தில் நகரப் பேருந்து ஓடாது. ஆட்டோக்காரரும் பூசைக்குப் போயிருப்பார். இருக்கிற ஒன்றிரண்டு பேர் கேட்பதுதான் கூலி. தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்கிற பாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய தூரம் அரை கிலோமீட்டர், மிஞ்சினால் ஒரு கிலோமீட்டர். அறை பதிவு செய்யும்போது கடற்கரைக்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்காமல் கோயிலுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

வேளாங்கண்ணி

முதல் தடவை வெளியூர்க் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கும், துக்க வருடத்துக் குடும்பங்களுக்கும் வேளாங்கண்ணியைத்தான் முதலில் சொல்வோம். இந்த ஊரே யாத்திரிகர்களுக்காக இயங்குகிறது. தனியாக வந்தவர், அழுதுகொண்டே முழந்தாளில் போகிறவர், மொட்டை போட்ட குழந்தை என்று யாரும் இங்கே வேடிக்கைப் பொருள் ஆவதில்லை. 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட இந்தத் திருத்தலத்தின் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. கிறிஸ்துமஸ் கூட்டமும் பெரிதுதான், ஆனால் செப்டம்பர் நெரிசல் இருக்காது. கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி தமிழில் நடந்தாலும் வாசகங்களும் மன்றாட்டுகளும் மற்ற மொழிகளிலும் வரும். மலையாளம், தெலுங்கு, கொங்கணி பேசுகிற கூட்டம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். குழந்தை இயேசு சொரூபத்தை எடுத்து வந்து குடிலில் வைக்கிற நேரத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நடைபாதை ஓரமாக இடம் பிடிக்க வேண்டும்.

திருத்தலமே நடத்தும் விடுதிகள் கோயிலுக்கு மிகப் பக்கம், வாடகையும் நியாயம். அவற்றில் டிசம்பர் கடைசி வார அறைகள் சீக்கிரம் தீரும். தனியார் லாட்ஜ் ஏராளம் என்பதால் அறையே கிடைக்காமல் தெருவில் நிற்க வேண்டியிராது. 25ஆம் தேதி காலை ஓட்டல்களும் திறந்திருக்கும்.

இங்கே தொல்லை கொடுப்பது மழை. நாகப்பட்டினம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரை நீளலாம். திறந்த வெளியில் பூசை என்றால் குடையோடு பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். மழை இல்லாவிட்டால் பனி விழும். தலைக்குத் துணி இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் குழந்தைக்கு 26ஆம் தேதி காய்ச்சல்தான்.

அந்த 26ஆம் தேதியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்கள் ஏராளமானோரைச் சுனாமி இந்தக் கரையில்தான் கொண்டுபோனது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காலையில் நினைவுத்தூணில் அஞ்சலியும் செபமும் நடக்கும், நாகை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்குக் கடற்கரையில் கும்மாளம் போடத் திட்டமிடாதீர்கள். முடிந்தால் அந்த அஞ்சலியில் போய் நில்லுங்கள்.

புதுச்சேரி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர். ரயில் டிக்கெட் கவலை இல்லாமல் 24ஆம் தேதி காலை கிளம்பி 25 மாலை திரும்பிவிடலாம். மூன்று கோயில்கள் நடக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன: மிஷன் வீதியில் 1791இல் கட்டப்பட்ட, ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்கிற அமலோற்பவ மாதா பேராலயம், தெற்கு புல்வாரில் 1907இல் எழுந்த, வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, கடலோரமாக துய்மா வீதியில் 1855இல் கட்டிய தூய வானதூதர்கள் அன்னை ஆலயம். கடைசியாகச் சொன்னதில் பிரெஞ்சிலும் பூசை உண்டு என்பதால் நேரத்தோடு மொழியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் நல்ல ஊர். ஆனால் அந்த வாரம் அங்கே குவிகிறவர்களில் பாதிப்பேர் புத்தாண்டுக் குடிக்காகவும் கொண்டாட்டத்துக்காகவும் வந்தவர்கள். வெள்ளையர் குடியிருப்புப் பகுதியில் அறை வாடகை ஏறிக் கிடக்கும், இரவுச் சத்தமும் அங்கேதான். மிஷன் வீதிக்கு மேற்கே அறை எடுத்தால் செலவும் குறையும், சம்பா கோயிலும் பக்கம். மழை இங்கேயும் காத்திருக்கும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. ஒரு நாள் முன்னால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பயணத்தை நிறுத்த முடியும் என்பதுதான் காரில் போகிற இந்த ஊரின் வசதி. அதற்கு ஏற்றபடி, கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள்.

நாகர்கோவிலும் குமரிக் கரையும்

வெளியூரில் இருந்துகொண்டே சொந்த ஊர்க் கிறிஸ்துமஸைப் போல உணர வேண்டும் என்றால் குமரி மாவட்டத்துக்கு ஈடு தமிழ்நாட்டில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டத்தில் 46.85 சதவீதம் கிறிஸ்தவர்கள். அதனால் இங்கே கிறிஸ்துமஸ் ஒரு பகுதிக்குள் ஒதுங்கி நடப்பதில்லை, தெருவே கொண்டாடுகிறது. டிசம்பர் பிறந்ததும் ஊர் ஊராக நட்சத்திரம் ஏறும். இளைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு குடில் கட்டுவார்கள். மலை, ஓடை, ஓடும் தண்ணீர், அசையும் பொம்மை என்று ஒவ்வொன்றும் ஒரு மாத வேலை. கேரல் குழு இரவில் வீடு வீடாக வரும்.

இன்னொரு பெரிய வசதி, எந்தச் சபைக்காரருக்கும் இங்கே கோயில் உண்டு. கோட்டாறு சவேரியார் பேராலயம், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஹோம் சர்ச், லுத்தரன் ஆலயங்கள், இரட்சணிய சேனை, தக்கலைப் பக்கம் சீரோ மலபார், மார்த்தாண்டம் பக்கம் மலங்கரைக் கத்தோலிக்கர் என்று எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும். கணவர் வீடு கத்தோலிக்கம், மனைவி வீடு சி.எஸ்.ஐ. என்றிருக்கிற குடும்பம் இரவில் பூசை, அதிகாலையில் ஆராதனை என்று இரண்டையும் பார்க்கலாம். தென்மாவட்ட சி.எஸ்.ஐ. சபைகளில் கிறிஸ்துமஸ் ஆராதனை பெரும்பாலும் இருட்டு விலகுமுன்பே தொடங்கிவிடும். எட்டு மணி என்று நினைத்துக்கொண்டு போனால் பாமாலை முடிந்து பந்தல் பிரித்திருப்பார்கள்.

தங்குவதற்கு நாகர்கோவிலையே தேர்ந்தெடுங்கள், கன்னியாகுமரியை வேண்டாம். இரண்டுக்கும் இடையில் சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் டிசம்பர் கன்னியாகுமரி சபரிமலை பக்தர்களின் ஊர். அறை கிடைப்பது கஷ்டம். ஓட்டல் சாப்பாடும் அவர்களை உத்தேசித்தே இருக்கும். பாறைக்குப் போகிற படகு வரிசையில் அரை நாள் கரையும். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசை குறைய வழியே இல்லை. அதை வேறொரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். 25ஆம் தேதி மாலை நடை போட ஏற்ற இடம் முட்டம் கடற்கரை. 26ஆம் தேதி ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றாடிமலைக்குப் போகலாம். 1752இல் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. 2022 மே 15இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் கல்லறை கோட்டாறு பேராலயத்துக்குள் இருக்கிறது.

இங்கே அடிபடுவது சாப்பாட்டில். ஊரில் பாதிப்பேர் பண்டிகை கொண்டாடினால் 25ஆம் தேதி காலையில் கடை யார் திறப்பது? கடற்கரை ஊர்களில் டீக்கடையைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். நாகர்கோவிலில் பெரிய சைவ ஓட்டல்களும் தங்கும் விடுதியின் சொந்தச் சமையலறையும்தான் கைகொடுக்கும். காலை உணவு சேர்ந்த அறையாக எடுத்துக்கொண்டு, 24 மாலையே முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக் எல்லாம் வாங்கி வைத்துவிட்டால் காலை நிம்மதி. தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தால் கூச்சப்படாமல் சொல்லி அனுப்புங்கள். பண்டிகை அன்று வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புகிற வழக்கம் அங்கே இல்லை.

செருப்பு விஷயம் சின்னதாகத் தெரியும். கடற்கரைக் கோயில்களில் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரவு ஒன்றரை மணிக்கு ஆயிரக்கணக்கான செருப்புகளுக்கு நடுவே தேடுவது பெரும்பாடு. ஒரு துணிப்பை கொண்டுபோய்க் குடும்பத்துச் செருப்பு மொத்தத்தையும் அதில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து இரவு ரயில்கள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரி எக்ஸ்பிரஸும். 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது: விடியற்காலையில் கிளம்பி அன்று பிற்பகலே நாகர்கோவில். 24ஆம் தேதி ஏறினாலும் இரவுப் பூசைக்கு முன் குளித்து, தூங்கி எழ நேரம் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது. அந்த நாள் 24இல் விழுகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கரையிலேயே மேலும் அழகான இரவு மணப்பாட்டில் கிடைக்கும். கடலுக்குள் நீண்ட மணல் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. ஆனால் ஊருக்குள் தங்கும் வசதி குறைவு, பக்கத்து ரயில் நிலையம் திருச்செந்தூர். மார்கழி விடுமுறையில் திருச்செந்தூர் அறைகள் முருக பக்தர்களுக்கே பற்றாது. மணப்பாட்டிலோ தூத்துக்குடியிலோ சொந்தம் இருப்பவர்கள் மட்டும் இந்த யோசனையில் இறங்கலாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது, பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. தாமிரபரணிக் கரைக்கு டிசம்பரில் போகிறவர்கள் இந்த ஒரு வாரத்தை மறக்கக் கூடாது.

ஃபோர்ட் கொச்சி

துக்கமில்லாத வருடம், நடக்கக்கூடிய கால்கள், கொஞ்சம் பணம், புது இடம் பார்க்கிற ஆசை: இந்த நான்கும் இருந்தால் எங்கள் தேர்வு ஃபோர்ட் கொச்சி. முதல் காரணம் வானம். மலைக்கு அந்தப் பக்கம் டிசம்பர் கடைசியில் மழை அநேகமாக ஓய்ந்திருக்கும், இரவில் இதமான குளிர். இரண்டாவது காரணம், ஊரே கால்நடையாகச் சுற்றுகிற அளவு. சாந்தா குரூஸ் பசிலிக்காவும் தூய பிரான்சிஸ் ஆலயமும் பத்து நிமிட நடை. முதலாவது 1905இல் நேர்ந்தளிக்கப்பட்ட கத்தோலிக்கக் கோயில். இரண்டாவது போர்ச்சுக்கீசியர் 1503இல் மரத்தில் எழுப்பித் தொடங்கியது, இன்று சி.எஸ்.ஐ. ஆலயம். வாஸ்கோ ட காமாவை 1524இல் அங்கேதான் புதைத்தார்கள், 1539இல் எலும்புகளை லிஸ்பனுக்கு எடுத்துப் போனார்கள்.

பெரிய தவறு ஒன்று இங்கே அடிக்கடி நடக்கிறது: வாடகை குறைவு என்று எர்ணாகுளத்தில் அறை எடுத்து, படகில் வந்து பூசை பார்த்துவிட்டுப் படகில் திரும்பலாம் என்று நினைப்பது. படகும் வாட்டர் மெட்ரோவும் நள்ளிரவு வரை ஓடுவதில்லை. பூசை முடிந்து திரும்ப தோப்பும்படி வழியாகச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அந்த நேரத்தில் டாக்சி கிடைத்தால். அதனால் இரண்டில் ஒன்று: ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே தங்குங்கள், இல்லாவிட்டால் எர்ணாகுளத்துக் கோயில் ஒன்றிலேயே இரவுப் பூசை பாருங்கள்.

தங்க ஓட்டலைவிட ஹோம்ஸ்டே நல்லது. கிறிஸ்தவக் குடும்பம் நடத்துகிற வீடாக இருந்தால் 25 காலை பாலப்பமும் ஸ்டூவும் மேசையில் இருக்கும், வீட்டில் ஊறிய திராட்சை ஒயினும் பிளம் கேக்கும் கிடைக்கலாம். ஆனால் பதிவு செய்யும்போதே ஒன்று கேளுங்கள்: "24, 25 இரண்டு நாளும் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?" பண்டிகைக்கு அவர்களும் தறவாட்டுக்கு, அதாவது பூர்வீக வீட்டுக்கு, போய்விட்டால் சாவியை மட்டும் கொடுப்பார்கள், ஆப்பம் இருக்காது.

மொழி இங்கே குறை. பூசை மலையாளத்தில், ஆங்கிலப் பூசை நேரம் வேறாக இருக்கும். தமிழர்களுக்கு மலையாளப் பாட்டு பாதி புரியும், பிரசங்கம் பெரியவர்களுக்குப் புரியாது. வழிபாட்டு முறையும் கோயிலுக்குக் கோயில் மாறும். சாந்தா குரூஸில் நம்மூர் போன்ற லத்தீன் முறை. சிரியன் கிறிஸ்தவர்களின் கோயிலுக்குப் போனால் பிறப்பு விழாவில் குழியில் தீ மூட்டி, அதைச் சுற்றி வந்து சாம்பிராணி இடுகிற சடங்கைப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய ஒன்று அது. வேறு முறைப் பூசை என்று தயங்கத் தேவையில்லை, பின்வரிசையில் நின்று அவர்கள் செய்வதைச் செய்தால் போதும்.

டிசம்பர் 28க்குள் கிளம்பிவிடுவது நல்லது. கொச்சின் கார்னிவலில் 31 இரவு பப்பாஞ்ஞி என்கிற பெரிய கிழவர் பொம்மையை எரிக்கப் பெரும் கூட்டம் இறங்கும், வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். குழந்தை, பெரியவர்களோடு அதில் மாட்டினால் வெளியே வர விடியும்.

கோவாவும் மலையும்

கோவா பற்றிச் சுருக்கமாகப் போதும். திறந்த மைதானத்தில் கொங்கணியில் பூசை, பெபிங்கா, தோதோல் போன்ற இனிப்புகள், பழைய கோவாவில் சவேரியார் உடல் இருக்கும் 1605ஆம் ஆண்டு போம் ஜீசஸ் பசிலிக்கா, எல்லாம் உண்மையிலேயே சிறப்பு. ஆனால் டிசம்பர் கடைசிப் பத்து நாள் விமானம், அறை, டாக்சி மூன்றும் வருடத்திலேயே உச்ச விலைக்குப் போகும் நாட்கள். அதே சவேரியாரைப் பார்க்க ஜனவரி கடைசியில் போனால் செலவு வெகுவாகக் குறையும். கிறிஸ்துமஸுக்கே போக வேண்டுமானால் வடக்குக் கடற்கரையை விட்டு மட்காவ் பக்கத்துக் கிராமங்களில் தங்குங்கள். வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து எண் உள்ளதாக இருக்கட்டும். தனியார் வண்டியை வாடகைக்கு வாங்கினால் வழியில் போலீஸிடம் அபராதம் கட்ட நேரும்.

கொடைக்கானலும் ஊட்டியும் கிறிஸ்துமஸ் படத்துக்கு ஏற்ற ஊர்கள்: குளிர், பனிமூட்டம், 1830இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஊட்டி தூய ஸ்டீபன் ஆலயம். ஆனால் மலைச்சாலையில் இரவு ஒரு மணிக்கு மூடுபனியில் வண்டி ஓட்டுவது விபரீதம். கோயிலுக்குப் பக்கத்தில் அறை கிடைக்காவிட்டால் நள்ளிரவுப் பூசையை விட்டு 25 காலைப் பூசைக்குப் போங்கள். 2024 மே 7 முதல் சொந்த வாகனத்துக்கும் வாடகை வண்டிக்கும் இ-பாஸ் வேண்டும். பணம் கட்ட வேண்டாம், ஆனால் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் அலைபேசிச் சிக்னல் தேடிப் பதிவு செய்ய முயல்வது வீண் அவதி, வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களை டிசம்பர் இறுதியில் உறைபனி விழும் ஊட்டிக்கு அழைத்துப் போக வேண்டாம்.

டிக்கெட்டும் தொலைபேசியும்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது, பயண நாள் சேராமல். ஆகவே 23ஆம் தேதி ரயிலுக்கு அக்டோபர் 24 காலை 8 மணி, 24ஆம் தேதிக்கு அக்டோபர் 25, 26ஆம் தேதித் திரும்பும் ரயிலுக்கு அக்டோபர் 27. போவதைவிடத் திரும்புவதுதான் கடினம். கொச்சியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் 26, 27இல் கிளம்பும் வண்டிகளில் விடுமுறை முடிந்தவர்களோடு மண்டல பூஜை முடித்த சபரிமலை பக்தர்களும் ஏறுவார்கள். அந்தப் பூஜை விழுவதும் டிசம்பர் 26 அல்லது 27தான். 28 என்று வைத்துக்கொண்டால் இடம் கிடைக்க வாய்ப்பு கூடும்.

அப்பா அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமானால் அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். மூத்தோர் கோட்டாவில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை கிடைப்பது ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள டிக்கெட்டில்தான். ஆறு பேரைச் சேர்த்துப் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். தட்கல் நம்பினால் முந்தைய நாள் ஏ.சி.க்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. ஆதார் இணைக்காத ஐ.ஆர்.சி.டி.சி. இணையக் கணக்கில் இப்போது தட்கல் எடுக்க முடியாது, அதை அக்டோபரிலேயே முடித்து வையுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு பேருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். பங்கு அலுவலகத்தில்: இரவுப் பூசை எத்தனை மணிக்கு, எந்த மொழி, கோயிலுக்குள்ளா திடலிலா, 25 காலையில் முதல் பூசை எப்போது. லாட்ஜில்: இரவு 11 மணிக்குக் கேட் பூட்டும் வழக்கம் உண்டா, ஒன்றரை மணிக்கு வந்தால் திறக்க ஆள் இருப்பாரா, அவர் பெயர் என்ன.